பழைய மாருதி 800 காரைப் பந்தயத் தடத்துக்காகச் சீரமைத்தல்

சாலையில் ஓடி ஓய்ந்த ஒரு சிறிய காரை முழுமையாகப் பிரித்து, தேய்ந்த பாகங்களை மாற்றி, மூடிய பந்தயத் தடத்தில் பாதுகாப்பாக ஓட்டக்கூடிய நிலைக்குக் கொண்டுவருவதே தடத்துக்கான சீரமைப்பு ஆகும். தொழில்முறைப் பந்தய ஓட்டுநர் அல்லாதவர்கள் கட்டணம் செலுத்தி, தம் சொந்த வண்டியைத் தடத்தில் ஓட்டிப் பார்ப்பதற்காக ஒதுக்கப்படும் நாள் 'டிராக் டே' எனப்படுகிறது. இது போட்டி அன்று. முதல் இடம், இரண்டாம் இடம், பரிசுக் கோப்பை எதுவும் இதில் இல்லை. வண்டியின் எல்லையையும் தன் திறமையின் எல்லையையும் ஒருவர் அறிந்துகொள்ளும் பயிற்சி நாள் என்று இதைச் சொல்லலாம்.

இக்கட்டுரை மாருதி 800 காரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இந்த வேலையை விளக்குகிறது. திருப்பூர், கோவை வட்டாரத்தில் இந்தக் காரும், இதைப் பழுதுபார்க்கத் தெரிந்த கைகளும், ஓட்டிப் பார்க்க ஒரு தடமும் அருகருகே கிடைக்கின்றன. பள்ளியில் படித்த இயற்பியலும் கணக்கும் ஒரு வண்டிக்குள் எப்படி வேலை செய்கின்றன என்பதை மாணவர்கள் காண்பதற்கும் இது நல்ல வழி.

கொங்கு நாடும் கார்ப் பந்தயமும்

தமிழ்நாட்டில் கார்ப் பந்தயம் வேரூன்றிய இடம் சென்னைக்கு வடக்கே உள்ள சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று அங்கே பந்தயக் களமாகப் பயன்பட்டது. 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது. பின்னர் அதே சங்கம் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே ஒரு தடத்தை அமைத்தது. 3.7 கி.மீ. நீளமுள்ள அந்தத் தடம் 1990-இல் பயன்பாட்டுக்கு வந்தது.

கோவையின் பங்கு இதில் பெரிது. நெசவாலைத் தொழிலோடு தொடர்புடைய குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவரதன், தாமே பந்தய ஓட்டுநராகவும் பந்தயக் கார் வடிவமைப்பாளராகவும் விளங்கினார். வெளிநாட்டுப் பந்தயக் கார்களை வாங்க வசதியில்லாத இளைஞர்களும் பந்தயத்துக்கு வர வேண்டும் என்பதற்காக, சாலைகளில் ஓடிய மாருதி 800 காரின் என்ஜினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை அவர் உருவாக்கினார். அது 'ஃபார்முலா மாருதி' என்று பெயர் பெற்றது. 2005-இல் ஜோர்டான் அணியின் சார்பில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரான கோவை நரேன் கார்த்திகேயனும் தொடக்க காலத்தில் ஃபார்முலா மாருதியை ஓட்டியவரே.

கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் காலமானார். கோவை செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட ஏறத்தாழ 2.1 கி.மீ. நீளமுள்ள தடம் அவர் நினைவாக 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்று அழைக்கப்படுகிறது. தேசியப் பந்தயங்கள் மட்டுமன்றி, பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாமே வடிவமைத்த கார்களோடு கலந்துகொள்ளும் 'ஃபார்முலா பாரத்' போட்டியும் அங்கே நடந்துள்ளது.

ஏன் மாருதி 800?

மாருதி 800 காரின் முதல் சாவி 1983 டிசம்பர் 14 அன்று வாங்கியவர் கையில் ஒப்படைக்கப்பட்டது. 1986-இல் அதன் உடல் வடிவம் மாறியது. 2014 தொடக்கத்தில் உற்பத்தி நிறுத்தப்பட்டது. முப்பது ஆண்டுகள் தொடர்ந்து ஓடிய வண்டி என்பதால் உதிரி பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. இந்தக் காரைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டக்கூடிய மெக்கானிக்குகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

இதன் என்ஜினில் மூன்று சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் விட்டம் 68.5 மி.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம் 72 மி.மீ. உருளையின் கன அளவு காணும் சூத்திரத்தை இங்கே பயன்படுத்திப் பார்க்கலாம். விட்டம் 6.85 செ.மீ. எனில் வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 36.85 சதுர செ.மீ. இதை 7.2 செ.மீ. உயரத்தால் பெருக்கி, மூன்று சிலிண்டர்களுக்காக மூன்றால் பெருக்கினால் 796 கன செ.மீ. வருகிறது. '800' என்ற பெயர் வந்த கணக்கு இதுதான்.

பெரும்பாலான மாருதி 800 கார்களின் ஆற்றல் 40 குதிரைத்திறனுக்கும் சற்றுக் குறைவு. 2000-ஆம் ஆண்டு வாக்கில் பன்னிரண்டு வால்வுகளும் ஐந்து கியர்களும் கொண்ட, 45 குதிரைத்திறன் அளவிலான வகை ஒன்றும் வந்தது. இன்றைய கார்களோடு ஒப்பிட்டால் இது சொற்பம். ஆனால் வண்டியின் எடை சுமார் 650 கிலோதான். ஆற்றல் குறைந்த, எடை குறைந்த வண்டியே புதியவருக்கு நல்ல ஆசிரியர். தவறு செய்தால் அதைத் திருத்திக்கொள்ள அது நேரம் தரும்.

முதலில் நிறுத்தம், பிறகு வேகம்

பழைய காரைத் தடத்துக்கு எடுத்துச் செல்ல விரும்பும் இளைஞர்களில் பலர் என்ஜினிலிருந்துதான் தொடங்குகிறார்கள். என் முன்னாள் மாணவர் ஒருவர் பனியன் கம்பெனியில் நிட்டிங் எந்திர ஃபிட்டராக இருக்கிறார். கைவேலையில் கெட்டிக்காரர். பழைய 800 ஒன்றை வாங்கி, பல மாதங்கள் என்ஜினுக்கே செலவழித்தார். புகைக்குழாய் பெரிதானது, சத்தமும் பெரிதானது. முதல் முறை தடத்தில் இறங்கியபோது மூன்றாவது சுற்றில் பிரேக் மிதி தரை வரை இறங்கிவிட்டது. தடத்துக்கு வெளியே இருந்த மணல் பரப்பில் போய் வண்டி நின்றது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு பிரித்துப் பார்த்தபோது பிரேக் திரவம் காப்பி டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. அதை யாரும் பல ஆண்டுகளாக மாற்றவே இல்லை. சாலையில் அதே பிரேக் ஒரு நாளும் ஏமாற்றியதில்லை. தடத்தில் மூன்று சுற்றுக்குள் ஏன் கைவிட்டது?

விடை இயக்க ஆற்றல் பாடத்தில் இருக்கிறது. இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி வருவது. ஓட்டுநரையும் எரிபொருளையும் சேர்த்து வண்டியின் நிறை 750 கிலோ என்று கொள்வோம். மணிக்கு 60 கி.மீ. என்பது நொடிக்கு 16.7 மீட்டர், அப்போது இயக்க ஆற்றல் ஏறத்தாழ 1,04,000 ஜூல். மணிக்கு 100 கி.மீ. என்பது நொடிக்கு 27.8 மீட்டர், அப்போது ஏறத்தாழ 2,89,000 ஜூல். வேகம் ஒன்றே முக்கால் மடங்குக்கும் குறைவாகத்தான் கூடியது. ஆற்றலோ இரண்டே முக்கால் மடங்குக்கு மேல் கூடிவிட்டது.

நிற்க எடுக்கும் தூரமும் அதே விகிதத்தில் நீளும். டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வுக் குணகம் 0.7 எனக் கொண்டால், 60 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தபின் 20 மீட்டரில் நிற்கும் வண்டி, 100 கி.மீ. வேகத்தில் 56 மீட்டர் தாண்டித்தான் நிற்கும்.

இந்த ஆற்றல் எங்கே போகிறது? ஏறத்தாழ முழுவதும் பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. மாருதி 800 காரில் முன்பக்கம் டிஸ்க் பிரேக், பின்பக்கம் டிரம் பிரேக். பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்வதால் முன் பிரேக்குகளே பெரும்பங்கு வேலை செய்கின்றன. 100 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்தும்போது முன்பக்க டிஸ்க் ஒவ்வொன்றும் 1,00,000 ஜூல் வெப்பத்தை ஏற்கிறது என்றும், டிஸ்க்கின் எடை 3 கிலோ என்றும் வைத்துக்கொள்வோம். வார்ப்பிரும்பின் தன்வெப்ப ஏற்புத்திறன் கிலோவுக்கு 460 ஜூல் அளவு. கணக்கிட்டால் ஒரே நிறுத்தத்தில் டிஸ்க்கின் வெப்பநிலை சுமார் 70 டிகிரி உயர்கிறது. சாலையில் அடுத்த முறை அழுத்திப் பிரேக் பிடிக்குமுன் அது ஆறிவிடும். தடத்தில் அடுத்த வளைவு சில நொடிகளிலேயே வந்துவிடும். ஆறுவதற்குள் அடுத்த சூடு ஏறுகிறது. சுற்றுக்குச் சுற்று வெப்பம் குவிகிறது.

ஆகவே தடத்துக்கான சீரமைப்பில் வேலைகளின் வரிசை இப்படி இருக்க வேண்டும்: முதலில் நிறுத்துபவை, அடுத்து திருப்புபவை, அதற்கடுத்து ஓட்டுநரைக் காப்பவை, கடைசியாகத்தான் வேகம் தருபவை.

வண்டியைத் தேர்ந்தெடுத்தல்

பழைய காரில் என்ஜினை மாற்றலாம், கியர் பெட்டியை மாற்றலாம். துருப்பிடித்த உடலைச் சரிசெய்வதுதான் செலவும் சிரமமும் மிக்கது. எனவே வாங்கும் முன் கீழே படுத்துப் பார்க்க வேண்டும். கால்மிதியின் கீழ்த் தகடு, கதவுகளின் அடிப்பகுதி, சக்கரங்களுக்கு மேலுள்ள வளைவு, பேட்டரி வைக்கும் தட்டு, முன்பக்க ஸ்ட்ரட் மேலே பொருந்தும் இடம் ஆகியவற்றில் துரு முதலில் பிடிக்கும். கடைசியாகச் சொன்ன இடத்தில் துளை விழுந்திருந்தால் அந்த வண்டி தடத்துக்கு உதவாது. வளைவில் வரும் விசை முழுவதையும் தாங்குவது அந்த இடம்தான். மேலே பெயின்ட் பளபளப்பாக இருப்பதைக் கண்டு ஏமாறக் கூடாது. ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி உடலெங்கும் நகர்த்திப் பார்த்தால், தகட்டுக்குப் பதில் பட்டி பூசி மறைத்த இடங்களில் அது ஒட்டாது.

ஆவணங்களையும் பார்க்க வேண்டும். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 25-ஆம் எண் படிவம் கொடுத்து, வண்டியைச் சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். தடத்துக்குச் சாலை வழியே ஓட்டிச் செல்வதாக இருந்தால் பதிவு, காப்பீடு, புகைச் சான்று மூன்றும் நடப்பில் இருப்பது கட்டாயம்.

பிரித்தலும் குறித்துவைத்தலும்

சீரமைப்பில் பாதி வேலை ஒழுங்காகப் பிரிப்பதில் இருக்கிறது. ஒரு பாகத்தைக் கழற்றுமுன் கைபேசியில் படம் எடுக்க வேண்டும். கழற்றிய போல்ட்டுகளைத் தனித்தனிப் பைகளில் போட்டு, எந்த இடத்துக்குரியவை என்று எழுதி வைக்க வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் இடப்பக்கம் பிரித்த வரிசையையும் வலப்பக்கம் மாற்றிய பாகத்தையும் தேதியையும் எழுதுவது நல்ல வழக்கம்.

திருப்பூர்க்காரர்களுக்கு இது புதிதன்று. வட்டப் பின்னல் எந்திரத்தில் ஆயிரக்கணக்கான ஊசிகளில் ஒன்றே ஒன்று உடைந்தாலும் துணி நெடுகக் கோடு விழும். அந்த ஒன்றைத் தேடிப் பிடித்து மாற்றிய பிறகே எந்திரம் மீண்டும் ஓடும். காரிலும் அப்படித்தான். ஐந்து ரூபாய்ப் பிளவு ஊசி ஒன்றைப் பூட்ட மறந்தால், அது பிடித்து வைத்திருந்த நட்டு கழன்று சக்கரத்தின் திசையே கை நழுவிப் போகலாம்.

பிரேக்

பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை குறையும். டாட் 3 வகைப் புதிய திரவத்தின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவரையறை. ஈரம் ஏறிய நிலையில் அது 140 டிகிரி வரை இறங்கிவிடலாம். டாட் 4 வகைக்கு இந்த எண்கள் முறையே 230, 155. திரவம் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் தோன்றும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது. ஆவியைச் சுருக்க முடியும். மிதியை அழுத்தும் விசை டிஸ்க்கைச் சென்று சேராமல் அந்தக் குமிழிகளைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிடும். மேலே சொன்ன மாணவருக்கு நேர்ந்தது இதுதான்.

செய்ய வேண்டியவை: ரப்பர் குழாய்களை முழுவதும் மாற்றுதல், மாஸ்டர் சிலிண்டர், சக்கரச் சிலிண்டர்கள் ஆகியவற்றின் ரப்பர் வளையங்களை மாற்றுதல், காலிப்பரின் பிஸ்டன் தடையின்றி நகர்கிறதா எனப் பார்த்தல், டிஸ்க்கின் கனம் அதன் மேல் பொறித்துள்ள குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போயிருந்தால் புதிது பொருத்துதல், புதிய டாட் 4 திரவம் ஊற்றிக் காற்றை வெளியேற்றுதல். டாட் 5 என்பது சிலிக்கோன் அடிப்படையிலான வேறு வகை. அதை இவற்றோடு கலக்கக் கூடாது. தடத்துக்குச் செல்லும் ஒவ்வொரு பருவத்துக்கு முன்னும் திரவத்தை மாற்றுவது நல்லது. வண்டிக்குச் செய்யக்கூடிய செலவுகளிலேயே மிகச் சிறியதும் மிகப் பயனுள்ளதும் இதுவே.

டயரும் சஸ்பென்ஷனும்

சாலையோடு வண்டிக்கு உள்ள தொடர்பு நான்கு டயர்களின் அடியில் உள்ளங்கை அளவே உள்ள நான்கு இடங்களில் மட்டும்தான். மாருதி 800 காரின் டயர் அளவு 145/70 ஆர் 12. இதில் 145 என்பது அகலம், மி.மீ. அளவில், 70 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது, 12 என்பது சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில்.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். '2319' என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். பட்டைகள் தேயாமல் இருந்தாலும், ரப்பர் இறுகி வெடிப்பு விட்ட பழைய டயர் தடத்துக்கு ஆகாது. பெரிய சக்கரம் போட்டால் அழகு என்று பலர் நினைக்கிறார்கள். சக்கரத்தின் சுற்றளவு கூடினால் என்ஜினின் இழுவை குறையும்; வேகமானி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும்; திருப்பும்போது உடலோடு உரசவும் கூடும். நிறுவனம் சொன்ன அளவில் புதிய, நல்ல டயர் போடுவதே முதல் படி.

முன்பக்க ஸ்ட்ரட், பின்பக்க ஷாக் அப்சார்பர் ஆகியவற்றில் எண்ணெய் கசிந்தால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் வண்டி இடவளைவில் ஒருவிதமாகவும் வலவளைவில் வேறுவிதமாகவும் நடந்துகொள்ளும். கண்ட்ரோல் ஆர்ம் புஷ்கள், பால் ஜாயின்ட், டை ராட் முனைகள், வீல் பேரிங் எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்துச் சோதிக்க வேண்டும். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். ஸ்பிரிங்கின் சுருளை அறுத்து வண்டியைத் தாழ்த்தும் பழக்கம் ஆபத்தானது. அறுத்த ஸ்பிரிங் தன் இருக்கையில் சரியாக உட்காராது. வண்டி துள்ளும்போது இடம் நழுவும்.

என்ஜினும் குளிர்விப்பும்

என்ஜினில் முதல் நோக்கம் ஆற்றலைக் கூட்டுவது அன்று. நாள் முழுவதும் அது சூடாகாமல், எண்ணெய் குறையாமல் ஓடுவதே. கம்ப்ரஷன் அளவுமானியைக் கொண்டு மூன்று சிலிண்டர்களிலும் அழுத்தம் ஏறத்தாழச் சமமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றில் மட்டும் குறைந்தால் பிஸ்டன் வளையம், வால்வு அல்லது ஹெட் கேஸ்கட்டில் குறை இருக்கிறது என்று பொருள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் உடனே மாற்ற வேண்டும். ரேடியேட்டரின் உள்ளே படிந்த உப்பைச் சுத்தம் செய்து, தண்ணீருக்குப் பதில் கூலன்ட் ஊற்ற வேண்டும். தெர்மோஸ்டாட், மின்விசிறி சுவிட்ச், ரப்பர் குழாய்கள் மூன்றும் புதிதாக இருப்பது நலம்.

வளைவில் வேகமாகத் திரும்பும்போது என்ஜின் அடித் தொட்டியிலுள்ள எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கும். குடத்தைச் சாய்த்தால் நீர் ஒதுங்குவதைப் போன்றதுதான் இது. உறிஞ்சு குழாய் அப்போது காற்றை உறிஞ்சினால் பேரிங்குகள் எண்ணெயின்றித் தேயும். எண்ணெய் அளவை மேல் கோட்டில் வைப்பதும், தொட்டிக்குள் தடுப்புத் தகடு பொருத்துவதும் இதற்கு மருந்து.

சிலிண்டர் தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் கொடுத்துக் குடைந்து, பெரிய அளவுப் பிஸ்டன் போடுவது வழக்கம். இதனால் வேகம் கூடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விட்டம் அரை மில்லிமீட்டர் கூடி 69 மி.மீ. ஆனால் மொத்தக் கன அளவு ஏறத்தாழ 808 கன செ.மீ. அதாவது 1.5 விழுக்காடு மட்டுமே கூடுகிறது. குடைவது தேய்மானத்தைச் சரிசெய்யும் வேலை. வேகம் கூட்டும் வேலையாக அதைக் கருதுவது வீண்.

எடையைக் குறைத்தல்

அதே 1.5 விழுக்காட்டோடு இதை ஒப்பிடலாம். பின் இருக்கை, தரைவிரிப்பு, ஸ்பீக்கர், பின்பக்கப் பலகை என்று 50 கிலோவை இறக்கினால் 750 கிலோ 700 ஆகிறது. ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைக்கும் ஆற்றல் 7 விழுக்காடு கூடுகிறது. இதற்குச் செலவு இல்லை. அதோடு பிரேக் தாங்க வேண்டிய ஆற்றலும், வளைவில் டயர் தாங்க வேண்டிய விசையும் குறைகின்றன. என்ஜினின் ஆற்றலைக் கூட்டினால் பிரேக்குக்கு வேலை கூடும்; எடையைக் குறைத்தால் எல்லாப் பாகங்களுக்கும் வேலை குறையும். ஆனால் கதவுக்குள் உள்ள வலுக்கம்பி, பம்பர், உடலின் குறுக்குச் சட்டங்கள் ஆகியவற்றில் கை வைக்கக் கூடாது. அவை உயிர் காக்கும் எடை.

ஓட்டுநரைக் காப்பவை

பழைய காரின் இருக்கைப் பட்டியின் நாடா வெயிலில் நைந்திருக்கும். அதை மாற்ற வேண்டும். பந்தயக் கார்களில் உள்ள பலமுனைப் பட்டியைப் பொருத்துவதாக இருந்தால், அதற்குரிய இருக்கையும் தோள்பட்டி கட்டச் சரியான உயரத்தில் குறுக்குக் குழாயும் வேண்டும். தோள்பட்டியைப் பின்னால் தரையில் கட்டினால், மோதலின்போது அது முதுகெலும்பைக் கீழ்நோக்கி நசுக்கும். அரைகுறையாகப் பொருத்திய பந்தயப் பட்டியைவிட, நல்ல நிலையிலுள்ள நிறுவனப் பட்டியே மேல்.

வண்டி உருண்டால் கூரை நசுங்காமல் காப்பது குழாய்க் கூண்டு. இதை வரையறுத்த தரத்திலான இணைப்பில்லா எஃகுக் குழாயில், தகுதியுள்ள வெல்டரைக் கொண்டே செய்ய வேண்டும். கூண்டுள்ள காரைத் தலைக்கவசமின்றிச் சாலையில் ஓட்டுவது ஆபத்து. சிறு மோதலிலும் தலை குழாயில் இடிக்கும்.

தீயணைப்பான் ஒன்றை ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் உலோகப் பிடியால் இறுக்கிப் பொருத்த வேண்டும். பேட்டரியும் அசையாமல் கட்டப்பட்டிருக்க வேண்டும். தலைக்கவசத்தைப் பொறுத்தவரை, இருசக்கர வாகனக் கவசத்துக்கும் கார்ப் பந்தயக் கவசத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பின்னதன் உள் துணி தீப்பற்றாத வகையைச் சேர்ந்தது. எந்த வகை ஏற்கப்படும் என்று தட நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

உடை பற்றித் திருப்பூர் வாசகர்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. தீ விபத்தில் பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்; பாலியஸ்டர் ஏறத்தாழ 250 முதல் 260 டிகிரியில் உருகும். பருத்தி எரியும், ஆனால் உருகி ஒட்டாது. ஆகவே பந்தய உடை இல்லாத புதியவர் தடத்துக்கு முழுக்கைப் பருத்திச் சட்டையும் முழுக்கால் சட்டையும் அணிந்து செல்வதே குறைந்தபட்ச ஒழுங்கு. 'விளையாட்டுக்கு ஏற்றது' என்று விற்கும் வழவழப்பான பாலியஸ்டர் டி-ஷர்ட் இந்த விளையாட்டுக்கு மட்டும் ஏற்றதன்று. தொழில்முறை ஓட்டுநர்கள் உள்ளே அணியும் பனியன், நீள் காலுறை, முகத்தை மூடும் உறை ஆகியவை அராமிட் எனும் தீ எதிர்ப்பு இழையால் ஆனவை. அந்த இழை உருகாது, கருகும். அவையும் பின்னலாடைகளே.

சட்டமும் காப்பீடும்

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. தேய்ந்ததை அதே அளவுப் புதிய பாகத்தால் மாற்றுவது பழுதுபார்ப்பு. அதில் தடை இல்லை. வேறு என்ஜின், உடலின் அமைப்பு மாற்றம் போன்றவை செய்தால் அந்த வண்டி சாலைக்கு உரியதன்று. அதை ரெக்கவரி வண்டியில் ஏற்றித்தான் தடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

அதே சட்டத்தின் 189-ஆம் பிரிவு பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. 2019 திருத்தத்தின்படி முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். மறுமுறை செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும்.

காப்பீட்டுப் பத்திரத்தையும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். வழக்கமான கார்க் காப்பீட்டில் பந்தயம், வேகச் சோதனை ஆகியவை விலக்கப்பட்டிருக்கும். தடத்தில் நேரும் சேதத்துக்கு அந்தக் காப்பீடு கைகொடுக்காது என்று தெரிந்தே இறங்க வேண்டும்.

தடத்தில் ஒரு நாள்

காலையில் முதலில் வண்டிச் சோதனை நடக்கும். பிரேக், டயர், கசிவு, பேட்டரிக் கட்டு, இழுவைக் கொக்கி ஆகியவற்றைப் பார்ப்பார்கள். காருக்குள் தளர்வாக எதுவும் இருக்கக் கூடாது. உருண்டுவந்து பிரேக் மிதிக்குக் கீழே சிக்கும் தண்ணீர்ப் பாட்டில் ஓர் உயிரையே எடுக்கும்.

பிறகு கொடிகளை விளக்குவார்கள். மஞ்சள் கொடி: முன்னே ஆபத்து, வேகத்தைக் குறை, முந்தாதே. சிவப்பு: ஓட்டம் நிறுத்தப்பட்டது, மெதுவாக உள்ளே வா. நீலம்: பின்னால் வேகமான வண்டி வருகிறது. மஞ்சளில் சிவப்புக் கோடுகள்: தடம் வழுக்குகிறது. கறுப்பு: குறிப்பிட்ட அந்த வண்டி உள்ளே வர வேண்டும். கறுப்பு வெள்ளைக் கட்டம்: ஓட்டம் முடிந்தது.

முதல் இரண்டு சுற்றுகள் டயரும் பிரேக்கும் மெல்லச் சூடேற. அடுத்த சில சுற்றுகள் ஓட்ட. கடைசிச் சுற்று பிரேக்கை முடிந்தவரை தொடாமல் மெதுவாக ஓட்டி வண்டியை ஆற்ற. நிறுத்திய பின் கை பிரேக்கை இழுக்காமல், கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும்; சூடான டிரம்மோடு பிரேக் கட்டை ஒட்டிக்கொள்வதை இது தவிர்க்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் சக்கர நட்டுகளின் இறுக்கம், டயர் காற்று, எண்ணெய், கூலன்ட், பிரேக் திரவ அளவு ஐந்தையும் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். மிதி சற்றே மென்மையாகிவிட்டது என்று தோன்றினால் அன்றைய ஓட்டம் அதோடு முடிந்தது. வீட்டுக்குப் போவதில் வெட்கம் இல்லை.

நிறைவாக

மேலே சொன்ன மாணவர் அடுத்த முறை தடத்துக்குச் சென்றபோது அவரது காரில் சத்தம் குறைந்திருந்தது. பெரிய புகைக்குழாயைக் கழற்றிவிட்டு, பிரேக், புஷ், டயர் மூன்றையும் புதுப்பித்திருந்தார். முந்திய முறை மூன்று சுற்றில் நின்ற வண்டி அன்று மாலை வரை ஓடியது.

இரவு பத்து மணிக்கு மேல் அவிநாசி சாலையில் இருவர் பந்தயம் கட்டி ஓட்டுவதை நாம் பார்த்திருப்போம். அங்கே மணல் பரப்பு இல்லை. கொடி காட்டுபவர் இல்லை. எதிரே ஷிப்டு முடிந்து மொபெட்டில் வீடு திரும்பும் ஒரு தொழிலாளி இருக்கிறார். வேகத்தின் மேல் ஆசை கொள்வது இளமையின் இயல்பு. அந்த ஆசையைத் தடத்துக்குக் கொண்டுபோக ஒரு பழைய 800-உம், ஒரு நோட்டுப் புத்தகமும், பிரேக்கிலிருந்து தொடங்கும் பொறுமையும் போதும்.